மாமாவின் ரெண்டுங்கெட்டான் கார்புரேட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடை முடிந்து, கடற்கரைச் சாலையில் எங்கள் வழக்கமான இடத்தில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் பிரான்சிலிருக்கும் என் மாமாவின் காரைப் பற்றிச் சொன்னேன். 1988ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 190. அதன் கார்புரேட்டரை ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஆட்டிவைக்கிறது என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"கார்புரேட்டர்னா கார்புரேட்டரா இருக்கணும், இல்லேன்னா இன்ஜெக்‌ஷனா இருக்கணும். ரெண்டுங்கெட்டான் எதுக்கு சார்? கழட்டிக் கடாசிட்டு சாதா கார்புரேட்டர் ஒண்ணை மாட்டச் சொல்லுங்க" என்றார், முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நண்பர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். காப்பிக்கு நேரமாகிவிட்டதால் நானும் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அந்த 'ரெண்டுங்கெட்டான்' என்ற சொல் மட்டும் வீடு வரை கூடவே வந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். நண்பர் படிப்பார் என்று தெரியும், படித்துவிட்டுத் திட்டட்டும்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். நம்மூர் வழக்கப்படி சொன்னால் 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, பாரிசுக்கு வடக்கே சார்செல் நகரத்தில் வீடு வாங்கிக்கொண்டவர். வயது 81. காரைப் புதிதாக வாங்க வசதியில்லாமல் ஐந்து வருஷம் ஓடிய நிலையில் வாங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டதும், என் தாயார் வந்திருந்தபோது ஊர் சுற்றிக் காட்டியதும், அக்காவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போனதும் எல்லாம் அந்த ஒரே கார்தான். 2023ஆம் வருஷம் மூன்று மாதம் அங்கே போய்த் தங்கியிருந்தேன். வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது, மாமா அதை எடுக்கவேயில்லை.

"என்ன மாமா, வண்டி?" என்று கேட்டேன்.

"செத்துப்போச்சு மாப்ளே. காராஜ்காரன் 'செ மோர்'னு சொல்லிட்டான்."

அந்த காராஜ் எது என்று நான் எழுதப்போவதில்லை. வண்டியின் நோய் இதுதான்: ஐட்லிங் நிற்கவில்லை. சிக்னலில் நிறுத்தினால் ஒரு சமயம் உறுமும், ஒரு சமயம் அணைந்துவிடும். காலைக் குளிரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இருமும். அவர்கள் கார்புரேட்டரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த எலக்ட்ரானிக் கார்புரேட்டர் காலாவதியான சாமான், பாகம் கிடையாது, இதைத் தெரிந்தவனும் கிடையாது, வெபர் கார்புரேட்டர் மாட்டிவிடலாம், கூலியோடு 950 யூரோ என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மீட்டர் வைத்துப் பார்த்ததாக அந்தச் சீட்டில் இல்லை. எதையும் அளந்ததாகவும் இல்லை.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. காகிதம் படிக்கத் தெரியும். அந்தக் காரைப் பற்றிய 'ரெவ்யு தெக்னிக் ஓட்டோமொபில்' புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிவரச் சொன்னேன். பிரெஞ்சில் அச்சான அந்த வரிசையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு கார் மாடலுக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு திருகுக்கும் ஒரு படம். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் முதலில் புரிந்தது, நம் நண்பர்கள் கேலி செய்யும் அந்தச் சாமான் கேலிக்குரியதே அல்ல என்பதுதான்.

அதன் பெயர் பியர்பர்க் 2ஈ-ஈ. ஜெர்மனியில் பியர்பர்க் கம்பெனியும் பாஷ் கம்பெனியும் சேர்ந்து செய்த ஏற்பாடு, இகோட்ரானிக் என்பார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறி ஐரோப்பாவை உலுக்கியது. அதற்குப் பிறகு பெட்ரோலும் மிச்சமாக வேண்டும், புகையும் குறைய வேண்டும். இன்ஜெக்‌ஷன் இருந்தது, ஆனால் விலை அதிகம். சாதாரணக் கார்புரேட்டரையே கொஞ்சம் புத்திசாலியாக்கினால் என்ன என்று யோசித்தார்கள்.

சாதாரணக் கார்புரேட்டரில் குளிரில் ஸ்டார்ட் செய்ய ஒரு சோக், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு சின்னப் பம்பு, ஐட்லிங்குக்கு ஒரு திருகு என்று தனித்தனியாக இருக்கும். இதிலே அந்தப் பம்பு கிடையாது. மேலே உள்ள சோக் தகட்டை ஒரு மின்சாரக் கருவி தேவைக்கேற்பச் சாய்க்கிறது. தகடு மூடினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், திறந்தால் இளகும். குளிர்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு, திடீரென்று மிதித்தால் எவ்வளவு என்பதைப் பெட்டி முடிவு செய்கிறது. கீழே உள்ள த்ராட்டில் தகட்டை ஒரு டயஃப்ரம் டப்பா தாங்கிப் பிடிக்கிறது. ஏ.சி. போட்டாலும், எஞ்சின் சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும், ஐட்லிங் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் தகட்டை முழுக்க மூடிப் பெட்ரோலையே நிறுத்திவிடும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால், பிறகும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்காதபடி பார்த்துக்கொள்ளும். இத்தனையையும் செய்துகொண்டு முப்பத்தைந்து வருஷம் ஓடியிருக்கிறது.

பிறகு ஏன் ஒழிந்தது? ரிப்பேர் அதிகம் என்பதால் ஒழியவில்லை. 1993 ஜனவரி முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கெல்லாம் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வைக்கவேண்டிய புகைச் சட்டம் வந்தது. அது ஒழுங்காக வேலை செய்ய இன்ஜெக்‌ஷன்தான் தோது. கார்புரேட்டர் வம்சமே அத்தோடு முடிந்தது, புத்திசாலிக் கார்புரேட்டரும் கூடவே போனது. பழைய மெக்கானிக்குகளுக்கு அதில் வயர் இருந்ததால் பயம். புது மெக்கானிக்குகளுக்கு அதில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கும் பிளக் இல்லாததால் பயம். இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு வைத்த பெயர்தான் 'காலாவதி'. தனக்குத் தெரியாத சாமானுக்குக் காலாவதி என்று சீட்டு ஒட்டுவது நான் 35 வருஷம் அலுவலகத்தில் பார்த்த வித்தை. கிடைக்காத ஃபைலுக்கு 'தேவையற்றது என அழிக்கப்பட்டது' என்று குறிப்பு எழுதுவார்களே, அதே ஜாதி.

எங்கே விட்டேன்? சார்செல் வாசலில். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், அப்பா அல்ஜீரியாக்காரர், இன்ஜினியரிங் படிக்கிறவன், ஒரு மல்ட்டிமீட்டரும் கையால் இழுக்கும் வேக்குவம் பம்பும் கொண்டுவந்தான். நான் புத்தகத்தை உரக்கப் படித்தேன், அவன் செய்தான், மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பேரையும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சார். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300க்குக் கொஞ்சம் மேலே காட்டவேண்டும். காட்டியது. அடுத்தது அந்த டயஃப்ரம் டப்பா. இந்த வகைக் கார்புரேட்டரில் அதிகம் கெட்டுப்போவது இதுதான், உள்ளே இருக்கும் ரப்பர் வெடித்துவிடும். காற்று புகும் வழிகளை அடைத்துக்கொண்டு பம்பால் உறிஞ்சினால் அதன் தண்டு உள்ளே போகவேண்டும், போய் அப்படியே நிற்கவேண்டும். நின்றது. நாங்கள் நூறு எண்ணியும் அசையவில்லை. மாமா நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் கண்டுபிடித்தது, கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் அடிப்பாகத்தில். இரும்புத் தகட்டோடு சேர்த்து வார்த்த தடித்த ரப்பர் அது. எஞ்சின் ஓடும்போது அதைச் சுற்றி க்ளீனரைப் பீய்ச்சினான், எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. அப்படியானால் வெடிப்பு வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. 'ப்ரீஸ் தேர்' என்று புத்தகத்தில் அதே அத்தியாயத்தில், அதே அறிகுறிகளோடு அச்சிட்டிருக்கிறது. கணக்கில் வராத காற்று உள்ளே போகும்போது பாவம் அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஐட்லிங்கை ஏற்றிப் பார்க்கும், இறக்கிப் பார்க்கும். உறுமலும் அணைதலும் அதுதான். கூடவே ஒரு வேக்குவம் ட்யூப் நுனி காய்ந்து பிளந்திருந்தது.

ரப்பர் அடிப்பாகம் 45 யூரோ, ட்யூப் மீட்டர் கணக்கில் சில்லறைக் காசு. பையனுக்கு அக்கா மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். 950 யூரோவுக்குச் செத்துப்போன கார்புரேட்டர் இதுதான்.

ஒர்க்‌ஷாப் நண்பர் இந்த இடத்தில் சொல்வார்: "உங்க மாமாவுக்கு அதிர்ஷ்டம், ரப்பரோட போச்சு. டயஃப்ரம் போயிருந்தா? பெட்டியே போயிருந்தா?" நியாயமான கேள்வி. டயஃப்ரம் டப்பா புதிதாகக் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விலை கண்ணைக் கட்டும். ஆனால் பழையதைப் பிரித்து ரப்பர் மாற்றித் தருகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். பெட்டி கெட்டால் பல சமயம் அது ஒரு ஈயப்பற்று விட்டுப்போன கதைதான், ரேடியோ ரிப்பேர்க்காரர் போதும். இதெல்லாம் பார்த்தும் முடியவில்லை, தினம் வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்றால், வெபர் போடட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். நல்ல கார்புரேட்டர்தான் அது. கழற்றியதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போடட்டும். என் சண்டை வெபரோடு இல்லை, அளந்து பார்க்காமல் சாவுச் சீட்டு எழுதுகிறவர்களோடு.

'சாதா கார்புரேட்டர் மாட்டினால் சிக்கல் தீர்ந்தது' என்பதும் முழு உண்மையில்லை. அந்த எஞ்சினுக்கு எந்த ஜெட் என்று யாராவது பார்த்துப் பொருத்த வேண்டும். இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்தும் வசதி போய்விடும், குளிரில் எஞ்சின் சூடாகும் வரை கலவையைப் படிப்படியாக இளக்கும் வேலையும் போய்விடும். பிரான்சில் 1986 அக்டோபருக்குப் பிறகு பதிவான, கேட்டலிடிக் இல்லாத பெட்ரோல் காருக்குச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மாட்டிக் கொடுத்த காராஜ்காரன் சோதனைச் சாலைக்கு உங்களோடு வரமாட்டான். எல்லாவற்றையும் விட, மாமாவின் கார்புரேட்டரிலிருந்த வெடிப்பு அடிப்பாகத்தில். அதைக் கவனிக்காமல் வேறு கார்புரேட்டரை உட்காரவைத்திருந்தால்? புதிய தகடு போட்டால் அந்த வெடிப்பு தானாகப் போயிருக்கும், ஐட்லிங்கும் நின்றிருக்கும், 'பார்த்தீர்களா, கார்புரேட்டர்தான் கோளாறு' என்று காராஜ்காரனும் நம்பியிருப்பான், மாமாவும் நம்பியிருப்பார். நல்ல கார்புரேட்டர் குப்பைக்குப் போயிருக்கும். இப்படி எத்தனை போயிற்றோ!

மாமாவுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் 1997க்கு முன் பதிவான பெட்ரோல் கார்கள் வாரநாட்களில் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை உள்ளே வரக்கூடாது என்று 2023இல் விதி இருந்தது. கண் பரிசோதனைக்கு அவர் பாரிசுக்குள் போகவேண்டும். இரயிலில் படி ஏற முழங்கால் இடம் கொடுக்காது. முப்பது வருஷம் தாண்டிய காருக்குச் சேகரிப்பு வாகனம் என்று தனிப் பதிவுப் பத்திரம், அதாவது 'கார்த் கிரீஸ் தெ கொலெக்சியோன்', வாங்கினால் அந்தத் தடை இருக்கவில்லை. அதோடு, புகைச் சோதனை உட்பட்ட வண்டிப் பரிசோதனை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான். ஆனால் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: வண்டி அதன் அசல் நிலையில் இருக்கவேண்டும், முக்கிய பாகங்களின் தொழில்நுட்பத் தன்மையில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

கார்புரேட்டரை மாற்றுவது பெரிய மாற்றமா, சின்ன மாற்றமா? இந்தக் கேள்வியை எந்த அதிகாரியிடமும் கேட்கவேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். நானே குமாஸ்தாவாக இருந்தவன். கேள்வி கேட்டால் குமாஸ்தா பதில் சொல்லியாக வேண்டும், சந்தேகம் வந்தால் 'இல்லை' என்று எழுதுவதுதான் அவனுக்குப் பத்திரம். அசலை அசலாக வைத்திருந்தால் கேள்வியே எழாது. அவசரப்பட்டு 950 யூரோ கொடுத்திருந்தால், அந்தக் கேள்வியை மாமா தன் பணத்தில் விலைக்கு வாங்கியிருப்பார்.

இனி நம் ஊர். ஒர்க்‌ஷாப் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவரிடம் 1996 மாடல் மாருதி 800 இருக்கிறது. நான் நாலைந்து முறை அதில் போயிருக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிவிடுவார், எஞ்சின் மட்டும் இறங்காது. குலுங்கிக் குலுங்கி நாலு உதை உதைத்துவிட்டுத்தான் நிற்கும். ஏன் என்று கேட்டதற்கு, "சோலனாய்டு தொந்தரவு பண்ணிச்சு, முள்ளை வெட்டிட்டேன்" என்றார் பெருமையாக. சாவியைத் திருப்பியதும் ஐட்லிங் பெட்ரோலை அடைப்பதற்காக அந்தக் கார்புரேட்டரில் ஒரு மின்சார வால்வு உண்டு. அதன் வயரில் துரு பிடித்தால் வால்வு திறக்காது, ஐட்லிங் நிற்காது. வயர் முனையைச் சுரண்டிப் பார்ப்பதற்குப் பதில் வால்வின் முள்ளையே வெட்டி எறிவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பரம்பரை வைத்தியம். தலைவலிக்குத் தலை. மின்சாரம் தொட்ட கார்புரேட்டரைக் கண்டால் அறுத்துப்போடும் புத்தி சார்செல்லில் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மாருதியின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. பழைய வண்டி வைத்திருப்பதே குற்றம் என்பது போல. பெட்ரோல் விஷயம் அதைவிட மோசம். பிரான்சில் பம்பில் நின்றால் பத்து சதவீதம் எத்தனால் கலந்தது ஒரு குழாய், ஐந்து சதவீதத்தைத் தாண்டாத 98 வேறு குழாய். மாமா 98 போட்டுக்கொள்கிறார். இங்கே இருபது சதவீதம் கலந்ததை எல்லா வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தை இழுத்து கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி பூக்கவைக்கும், கலவையை இளகவைக்கும். பழைய வண்டிகளுக்காகப் பத்து சதவீதப் பெட்ரோலையும் தொடர்ந்து விற்கவேண்டும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் வருஷத்து அறிக்கையே சொன்னது. அந்தக் குழாய் எங்கே? பதில் சொல்ல ஆளில்லை. வண்டி இருமினால் மட்டும் 'பழசு சார், மாத்திடுங்க' என்று சொல்ல நூறு பேர்.

ரெண்டுங்கெட்டான் என்ற சொல் ஏன் வீடு வரை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. படிப்பு முடித்து அரசு வேலையில் உட்கார்ந்தபோது ஃபைலெல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலத்தைப் பார்த்து மேலதிகாரி ஒருவர் சிரிப்பார். பிரெஞ்சுக்காரனும் இல்லை, இங்கிலீஷும் வராது, ரெண்டுங்கெட்டான் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார். ராத்திரி உட்கார்ந்து டிராஃப்டிங் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நாள், பழைய பிரெஞ்சுப் பதிவேடு ஒன்றிலிருந்த பிறப்புப் பதிவைப் படிக்க ஆளில்லாமல் ஒரு கிழவியின் பென்ஷன் நின்றுபோயிருந்தது. மூன்று மேஜை சுற்றி ஃபைல் என் மேஜைக்கு வந்தது. கால் மணி நேர வேலை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆகவே யாராவது எதையாவது ரெண்டுங்கெட்டான் என்றால் எனக்கு உடனே கோபம் வந்துவிடுகிறது, அது கார்புரேட்டராக இருந்தாலும். இதை நடுநிலைமை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

மாமாவுக்குச் சேகரிப்புப் பத்திரம் 2024இல் வந்தது. கண் பரிசோதனைக்குத் தானே ஓட்டிப் போனதாக அக்கா போனில் புகார் சொன்னாள். பார்வை சோதிக்கப் போகிறவர் தானே ஓட்டிப் போகலாமா என்பது வேறு விவகாரம், அதில் நான் அக்கா பக்கம்.

ஒர்க்‌ஷாப் நண்பருக்கு ஒரு செய்தி. மாருதி 800க்குப் புது சோலனாய்டு வால்வு கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன். வரும் ஞாயிறு நடை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மல்ட்டிமீட்டர் என் பேரனிடம் இருக்கிறது. காப்பி என் பொறுப்பு.